எல்லா லைட்டும் பச்சை, படத்தை மட்டும் காணோம்: உங்க என்கோடர் பத்தின புகார்

சர்வீஸ் பிரிவு மேனேஜர் சாருக்கு (மேடமா இருந்தா மன்னிச்சுக்கோங்க, உங்க டீம்ல யாருமே பேர் போட்டு பதில் எழுதறதில்ல, அதான் யாருன்னு தெரியல),

பொருள்: இன்புட் லைட் தப்பா காட்டுறது, 1ஆம் நம்பர் எஸ்டிஐ (படமும் சத்தமும் ஒரே கேபிள்ல வர்ற) போர்ட் ஆடுறது, டிக்கெட்டை கேக்காமலே மூடுனது

வணக்கம். நாங்க லைவ் நிகழ்ச்சி எடுத்து அனுப்புற சின்ன டீம் தான். படத்தை சுருக்கி நெட்வொர்க்ல அனுப்புற உங்க ஒரு ரேக் யூனிட் என்கோடர்ல ரெண்டு பீஸ் வாங்கி ஒன்பது மாசம் ஆகுது, ஒன்னு மெயின், ஒன்னு பேக்கப். இது நான் எழுதுற அஞ்சாவது தடவை, முன்னாடி நாலு தடவையும் டிக்கெட்டா (புகார் பதிவா) போட்டேன், வந்த பதில் எல்லாத்துலயும் இதே வரி காப்பி பேஸ்ட் ஆகி இருந்துச்சு, "முன்பக்க விளக்குகள் பச்சையாக இருந்தால் சாதனம் சரியாக இயங்குகிறது, உங்கள் நெட்வொர்க்கைச் சரிபார்க்கவும்"னு. அதனால இந்த தடவை டிக்கெட் வேணாம்னு நேரா லெட்டராவே எழுதுறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படிங்க, ஏன்னா பிரச்சனையே அந்த பச்சை லைட்டு தான்.

நடந்தது என்னன்னா, ஒரு லைவ் ஓடிட்டு இருக்கு, ஸ்விட்சர்ல (கேமரா படங்களை மாத்தி மாத்தி எடுக்குற பெட்டி) இருந்து 1080ஐ50 ஃபார்மட்ல எச்டி எஸ்டிஐ உங்க மெயின் பெட்டியோட 1ஆம் இன்புட்டுக்கு போகுது, அங்கிருந்து எச்.264ல சுருக்கி, 8 எம்பிபிஎஸ் சிபிஆரா (அளவு ஏறாம இறங்காம), எஸ்ஆர்டில (தொலைஞ்ச பாக்கெட்டை திருப்பி கேட்டு வாங்குற நெட்வொர்க் முறை) ரிசீவ் பண்ற இடத்துக்கு. பாதி நிகழ்ச்சில அந்தப் பக்கத்து தம்பி போன் பண்றான், "அண்ணே, படம் அப்படியே நின்னுடுச்சு"ன்னு. நான் திரும்பி பெட்டியை பாக்குறேன், பவர் பச்சை, ஸ்டேட்டஸ் பச்சை, இன்புட் பச்சை, ஸ்ட்ரீம் பச்சை, அலாரம் லைட் எரியவே இல்ல. "இங்க எல்லாம் ஓகேடா, உன் பக்கம் பாரு"ன்னு நான் சொல்லிட்டேன். அவன் டிகோடரை (ஸ்ட்ரீமை திரும்ப படமாக்குற பெட்டி) ரீஸ்டார்ட் பண்றான், நான் நெட்வொர்க் கேபிளை மாத்துறேன், நெட்வொர்க் ஸ்விட்ச்ல போர்ட் மாத்துறேன், எஸ்ஆர்டி ஸ்டாட்ஸ் பாத்தா பாக்கெட் லாஸ் பூஜ்யம், பிட்ரேட் 8ல ஆணி அடிச்ச மாதிரி நிக்குது. 14 நிமிஷம் சார். 14 நிமிஷம் ஒரே ஆளோட பாதி திறந்த வாய் தான் எல்லாருக்கும் தெரிஞ்சுது.

இதுல எனக்கே என் மேல கோவம் வர்ற ஒரு விஷயம் இருக்கு. நெட்வொர்க் மக்கர் பண்ணா படம் கட்டம் கட்டமா உடையும், சத்தம் கரகரன்னு விட்டு விட்டு வரும். இங்க அப்படி எதுவும் இல்ல, போட்டோ மாதிரி நின்னுச்சு, சத்தமும் அதே செகண்ட்ல சுத்தமா போச்சு. ஆடியோவும் அதே எஸ்டிஐக்குள்ள தான் எம்பெட் ஆகி வருதுன்னு தெரிஞ்ச எவனும் முதல்ல இன்புட் பக்கம் தான் போயிருக்கணும். நான் போகல. ஏன் போகலன்னா உங்க பெட்டி என் மூஞ்சிக்கு நேரா "இன்புட் நல்லா இருக்கு"ன்னு பச்சையா சொல்லிட்டு இருந்துச்சு.

கடைசில கண்டுபிடிச்சது நான் இல்ல, அந்த தம்பி தான். டிரான்ஸ்போர்ட் ஸ்ட்ரீமை (படம், சத்தம் எல்லாம் பாக்கெட் பாக்கெட்டா போற ஓட்டம்) பிரிச்சு பாத்துட்டு, "அண்ணே, வர்றதுல முக்கால்வாசி பிஐடி 8191 தான்"னான். அப்ப தான் மண்டைல உறைச்சுது. பிஐடின்னா பாக்கெட்டோட அடையாள நம்பர், 8191ன்னா நல் பாக்கெட், அதாவது வெறும் காத்து, சிபிஆர் அளவை நிரப்ப போடுறது. இன்புட் போனதும் உங்க என்கோடர் கடைசியா கிடைச்ச ஃப்ரேமையே திரும்ப திரும்ப என்கோட் பண்ணிருக்கு, அசையாத படத்துக்கு பிட் எவ்வளவு வேணும், ஒன்னும் வேணாம், மீதியை நல் பாக்கெட்டால ரொப்பி அதே 8 எம்பிபிஎஸ்ஸா அனுப்பிட்டு இருந்துருக்கு. வெளிய இருந்து பாக்குறவனுக்கு ஸ்ட்ரீம் உயிரோட இருக்கு. அதனால தான் பேக்கப்பும் வேலை செய்யல! ரிசீவ் பண்ற இடத்துல மெயின் ஸ்ட்ரீம் நின்னா பேக்கப்புக்கு மாறுற மாதிரி செட் பண்ணிருந்தோம், ஆனா மெயின் நிக்கவே இல்லையே. ரெண்டு பெட்டி வாங்குனதே இந்த மாதிரி நேரத்துக்குன்னு நெனச்சோம், பக்கத்து பெட்டில நல்ல படம் ஓடிட்டே இருக்கு, அதை பாக்க ஆள் இல்ல.

மறுநாள் பெட்டியை மேஜை மேல வச்சு உக்காந்தேன். முதல்ல என் தப்பை சொல்லிடுறேன், நீங்க கண்டுபிடிச்சு அதை காரணமா காட்டுறதுக்கு முன்னாடி: ஸ்விட்சர்ல இருந்து வந்த கடைசி துண்டு கேபிள் 50 ஓம் பிஎன்சி (சொருகி திருகுற கனெக்டர்), எங்க வயர்லெஸ் கிட்ல இருந்து கலந்து வந்துருக்கு. பாக்க ரெண்டும் ஒரே மாதிரி தான் இருக்கும், 75 ஓம் தான் எஸ்டிஐக்கு போடணும்னு எங்களுக்கும் தெரியும், அவசரத்துல யாரோ சொருகிட்டாங்க. அதை தூக்கி போட்டுட்டு புது 75 ஓம் கேபிள், ஒரு மீட்டர் தான், நேரா டெஸ்ட் பேட்டர்ன் ஜெனரேட்டர்ல இருந்து கொடுத்தேன். அதுக்கப்புறமும் அதே கதை தான்.

உங்க வெப் பேஜை ஒரு பக்கம் திறந்து வச்சுக்கிட்டு, 1ஆம் போர்ட்ல இருக்க கேபிளை ஒரு விரலால லேசா மேல தூக்குனேன், இழுக்கல, தூக்குனேன் அவ்வளவு தான். பேஜ்ல "1080ஐ50"ன்னு இருந்தது "தெரியாத ஃபார்மட்"னு மாறுச்சு, விரலை எடுத்தா திரும்ப 1080ஐ50. முன்னாடி இருக்க இன்புட் லைட்? கண்ணு கூட சிமிட்டல. பச்சை, பச்சை, பச்சை. 2ஆம் போர்ட்ல இதே மாதிரி ஆட்டுனா ஒன்னும் ஆகல, அதே கேபிள் தான். பேக்கப் பெட்டிலயும் ரெண்டு போர்ட்டும் கல்லு மாதிரி இருக்கு. டார்ச் அடிச்சு பாத்தா 1ஆம் போர்ட்டோட நடு கான்டாக்ட் (பின்) ஒரு பக்கமா சாஞ்சு இருக்கு, உள்ள போர்டுல சால்டர் விட்டிருக்கும்னு என் சந்தேகம், ஆனா வாரன்டி சீல் இருக்கதால நான் திறக்கல. சரி, ஹார்டுவேர்னா பழுதாகும், அதுக்காக நான் இவ்வளவு பெரிய லெட்டர் எழுத மாட்டேன், போர்ட் மாத்தி குடுங்கன்னு ரெண்டு வரி எழுதிருப்பேன்.

எனக்கு ஆத்திரம் வந்தது அதுக்கு அடுத்து பண்ண டெஸ்ட்ல. எங்ககிட்ட ஒரு பழைய மல்டிபிளெக்சர் (பல சேனலை ஒரே ஸ்ட்ரீமா சேக்குற பெட்டி) கிடக்குது, அதோட ஏஎஸ்ஐ அவுட்புட்டும் பிஎன்சி தான், 75 ஓம் தான், 270 எம்பிபிஎஸ். அதுல வர்றது கம்ப்ரஸ் பண்ண டிரான்ஸ்போர்ட் ஸ்ட்ரீம், எஸ்டிஐ படமே கிடையாது, உங்க என்கோடர் அதை வச்சு ஒன்னும் பண்ண முடியாது, பண்ணவும் கூடாது. சும்மா பாப்போம்னு அதை எடுத்து நல்லா இருக்க 2ஆம் இன்புட்ல சொருகுனேன். இன்புட் லைட் பச்சையா எரிஞ்சுது சார். படமே இல்லாத கேபிளுக்கு "இன்புட் ஓகே". வெளுத்ததெல்லாம் பாலுன்னு நம்புறது யாருன்னு பாத்தா உங்க பெட்டி தான், அதை நம்புன நான் அதுக்கு மேல.

இதுல இருந்து எனக்கு புரிஞ்சது இது தான், தப்புன்னா உங்க டிசைன் ஆளுங்க சொல்லட்டும். எஸ்டிஐ இன்புட்ல முதல்ல ஈக்வலைசர் வரும், அது கேபிள்ல ஏதோ துடிப்பு இருக்குன்னா கேரியர் இருக்குன்னு சொல்லும். அடுத்து ரீகிளாக்கர், அது வேகத்தை புடிச்சு லாக் ஆகும், எச்டின்னா 1.485 ஜிபிபிஎஸ், 3ஜி எஸ்டிஐன்னா 2.97. அதுக்கும் மேல தான் இது என்ன ஃபார்மட், எத்தன வரி, எத்தன ஃப்ரேம்னு கண்டுபிடிக்கிற வேலை. மூணு படி. உங்க இன்புட் லைட்டை முதல் படில கட்டி விட்டிருக்கீங்க. ஆடுற பின் வழியா முழு சிக்னல் போகாம கொஞ்சம் கசிஞ்சு போனாலும் கேரியர்னு காட்ட அது போதும், படம் எடுக்க போதாது. வாசல்ல யாரோ தட்டுறாங்கன்னு மட்டும் தெரிஞ்சுக்கிட்டு விருந்தாளி வந்து சாப்பிட்டாச்சுன்னு சொல்ற மாதிரி இருக்கு இது. தப்பு என்னன்னா, மூணாவது படியும் உங்க சாஃப்ட்வேருக்கு நல்லா தெரியுது, வெப் பேஜ்ல "தெரியாத ஃபார்மட்"னு அது தானே எழுதுது? அப்புறம் அந்த விஷயத்தை லைட்டுக்கும் அலாரத்துக்கும் சொல்றதுல என்ன கஷ்டம்?

உங்க மேனுவல்ல லைட் பத்தி இருக்கறது மொத்தம் நாலு வரி. பச்சைன்னா நார்மல், ஆம்பர்னா (ஆரஞ்சு மஞ்சள்) வெப் பேஜை பாக்கவும், சிவப்புன்னா சர்வீஸை கூப்பிடவும், எரியலன்னா பவர் இல்ல. வேகமா சிமிட்டுனா என்ன, மெதுவா சிமிட்டுனா என்ன, ஒன்னும் இல்ல. பின்னாடி நெட்வொர்க் போர்ட் லைட் இன்னும் மோசம், உங்க பெட்டில ஆம்பர்னா 1000 எம்பிபிஎஸ், பச்சைன்னா 100, எங்க ஸ்விட்ச்ல அப்படியே உல்டா, எங்க பையன் ஆம்பரை பாத்து ஸ்பீடு கம்மி ஆயிடுச்சுன்னு நல்ல கேபிளை தூக்கி போட்டான். இதுக்கு எங்கயும் பொது விதி கிடையாதுன்னு எனக்கும் தெரியும், கம்பெனிக்கு கம்பெனி மாறும், அதனால தானே மேனுவல்ல ஒரு வரி போடணும்னு சொல்றேன். இன்னொன்னு, ஸ்டேட்டஸ் லைட் ஒரே எல்இடி, அதே இடத்துல பச்சையும் சிவப்பும் மாறி மாறி வருது. எங்க டீம்ல ஒருத்தருக்கு அந்த ரெண்டு கலரும் பிரிச்சு தெரியாது. அவர் ஷிப்ட்ல இருக்கும்போது அந்த லைட்டு இருக்கறதும் ஒன்னு தான் இல்லாததும் ஒன்னு தான்.

ரெண்டு பவர் சப்ளை இருக்குன்னு சொல்லி வித்தீங்க, ஒன்னை புடுங்கி பாத்தேன், முன்னாடி பவர் லைட் அப்பவும் பச்சை. அதையும் சொல்லி வச்சுடுறேன்.

அப்புறம் உங்க சப்போர்ட். முதல் டிக்கெட்ல லைட்டை போட்டோ எடுத்து அனுப்ப சொன்னாங்க, அனுப்புனேன், "எல்லாம் பச்சை, எங்கள் பக்கம் பிரச்சனை இல்லை"னு மூடிட்டாங்க. அந்த பச்சை தான் பொய்யின்னு புகார் குடுத்தா அந்த பச்சையவே சாட்சியா வச்சு தீர்ப்பு சொன்னா நான் எங்க போறது? ரெண்டாவதுல ஃபேக்டரி ரீசெட் பண்ண சொன்னாங்க, பண்ணேன், எல்லா செட்டிங்கும் போச்சு, பின் மட்டும் ஆடிட்டே இருக்கு. மூணாவதுல புது ஃபர்ம்வேர் (பெட்டிக்குள்ள ஓடுற சாஃப்ட்வேர்) போட சொன்னாங்க. போட்டதும் எஸ்ஆர்டி லேட்டன்சி (தொலைஞ்ச பாக்கெட்டுக்கு காத்திருக்குற நேரம்) நாங்க வச்ச 800 மில்லி செகண்ட்ல இருந்து டிஃபால்ட் 120க்கு போயிடுச்சு, ஒரு வார்த்தை சொல்லல. எங்க லிங்க்ல ஆர்டிடி (பாக்கெட் போயிட்டு திரும்பி வர்ற நேரம்) 180 மில்லி செகண்ட் வரும், ஒரு பாக்கெட் தொலைஞ்சா "காணோம், திருப்பி அனுப்பு"ன்னு கேட்டு அது வந்து சேரவே 180க்கு மேல ஆகும், அதுக்குள்ள 120 முடிஞ்சு டிகோடர் கை கழுவிடும். ஆர்டிடிய போல நாலு மடங்கு வைக்கிறது வழக்கம்னு தான் நாங்க 800 வச்சிருந்தோம். அன்னிக்கு சாயங்காலம் நிஜமாவே படம் கட்டம் கட்டமா உடைஞ்சுது, ஸ்ட்ரீம் லைட் என்ன சொல்லுச்சுன்னு நீங்களே சொல்லுங்க பாப்போம். ஆமா, பச்சை. கனெக்ட் ஆயிருக்குல்ல, அது போதும் அதுக்கு. நாலாவது டிக்கெட்டுக்கு ரெண்டு நாள் பதிலே இல்ல, மூணாவது நாள் "வாடிக்கையாளரிடமிருந்து பதில் வராததால் மூடப்படுகிறது"ன்னு தானா மூடிக்கிச்சு. கேள்வி கேட்டது நான், பதில் சொல்லாததும் நானாம்.

எனக்கு என்ன வேணும்னு தெளிவா சொல்லிடுறேன். மெயின் பெட்டியோட 1ஆம் போர்ட்டை வாரன்டில மாத்தி குடுங்க, அது வர்ற வரைக்கும் மாத்து பெட்டி ஒன்னு அனுப்புங்க, எங்களுக்கு லைவ் நிக்காது. ஃபர்ம்வேர்ல இன்புட் லைட்டை ஃபார்மட் லாக்கோட கட்டுங்க, லாக் இருந்தா மட்டும் நிலையா எரியட்டும், கேரியர் மட்டும் இருந்து லாக் இல்லன்னா சிமிட்டட்டும், ஒன்னுமே இல்லன்னா அணையட்டும், கலரை நம்பாம சிமிட்டுறதை வச்சு பண்ணா எங்க ஆளுக்கும் புரியும். இன்புட் போனா கடைசி ஃப்ரேமை பிடிச்சு வைக்கணுமா, கருப்பு போடணுமா, ஸ்ட்ரீமையே நிறுத்தணுமான்னு செட்டிங் குடுங்க, நான் நிறுத்துறதை தான் வைப்பேன், அப்ப தான் பேக்கப் எழுந்து வரும். எதுவா இருந்தாலும் அலாரமும் எஸ்என்எம்பி டிராப்பும் (நெட்வொர்க் வழியா தானா வர்ற எச்சரிக்கை) கண்டிப்பா வரணும். மேனுவல்ல லைட் பத்தி ஒரு முழு பக்கம். அப்புறம் போன்ல பேச ஒரு இன்ஜினியர், எழுதி வச்சதை வாசிக்கிற ஆள் வேணாம், கேரியருக்கும் லாக்குக்கும் வித்தியாசம் தெரிஞ்ச ஒருத்தர் போதும், பத்து நிமிஷத்துல முடியும். இது எதுவும் முடியாதுன்னா ரெண்டு பெட்டியையும் எடுத்துக்கிட்டு பணத்தை திருப்பி குடுங்க.

விரலால தூக்குன வீடியோ, ஏஎஸ்ஐ சொருகுன வீடியோ, அந்த 14 நிமிஷத்தோட ஸ்ட்ரீம் ரெக்கார்டிங், பெட்டியோட லாக் ஃபைல் (பெட்டி தானா எழுதிக்கிற பதிவு), பழைய நாலு டிக்கெட் நம்பர் எல்லாம் இதோட அனுப்பிருக்கேன். லாக் ஃபைல்ல அந்த நேரத்துல "இன்புட் 1 ஃபார்மட் லாஸ்ட்"னு 212 வரி இருக்கு, படிச்சு பாருங்க, உங்க பெட்டி உள்ளுக்குள்ள கத்திட்டு தான் இருந்துருக்கு. 10 நாள்ல பதில் வரணும், வரலன்னா நுகர்வோர் கோர்ட்டுக்கு போறதா இருக்கேன்.

இப்போதைக்கு 2ஆம் போர்ட்ல ஓட்டிட்டு இருக்கோம். முன்பக்கத்து இன்புட் லைட் மேல கருப்பு டேப் ஒட்டிட்டேன், பக்கத்துல ஒரு சின்ன மானிட்டர் வச்சு டிகோடர்ல இருந்து திரும்பி வர்ற படத்தை தான் பாக்குறோம். எங்க பையன் புதுசா வர்றவங்களுக்கு பெட்டியை காட்டும்போது அந்த டேப்பை தான் முதல்ல காட்டுறான்.

இப்படிக்கு,
உங்க ரெண்டு பெட்டியையும் நம்பி வாங்குன வாடிக்கையாளர்