இரண்டு பிரின்ஸ் ஆஃப் வேல்ஸும் ஷாஃப்ட் விவகாரமும்

அன்புள்ள கதிரேசா,

கடிதம் கிடைத்தது. திருவனந்தபுரத்தில் நின்றுபோன எஃப்-35பி விமானத்தைப் பற்றி நீ அனுப்பிய கேலிப் படங்களுக்கு ஊரே சிரித்திருக்கும். 2025 ஜூன் 14 அன்று இறங்கிய விமானம் ஜூலை 22 அன்றுதான் கிளம்பியது. ஹைட்ராலிக் கோளாறு. விமானத்துக்கு இது நடக்கக்கூடியதுதான். எனக்கு அதைவிட அது கிளம்பி வந்த கப்பலின் மேல்தான் கண். பிரிட்டனின் விமானந்தாங்கி எச்.எம்.எஸ். பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ். அந்தப் பெயரைப் பார்த்துத்தானே நீயும் கேட்டிருக்கிறாய்: "15 அங்குல இரும்புக் கவசம் போட்ட பழைய பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் போர்க்கப்பல் 1941இல் எப்படி ஒரே டார்பிடோவில் முடங்கியது? ஆகாய விமானம் போர்க்கப்பலை வென்றது என்று சொல்லி முடித்துவிடலாமா?"

முடித்துவிடலாம், பலரும் அப்படித்தான் முடிக்கிறார்கள். ஆனால் அடி எங்கே விழுந்தது என்று பார்க்காவிட்டால் பாதி விஷயம் கைநழுவிவிடும்.

அந்தக் கப்பலின் 15 அங்குலக் கவசம் நீர்மட்டத்தை ஒட்டிய பக்கவாட்டுப் பட்டை. வெடிமருந்து அறைகளுக்கு நேராகத்தான் அத்தனை தடிமன், எஞ்சின் பகுதிக்கு நேராக ஓர் அங்குலம் குறைவு. எதிரி பீரங்கியின் குண்டைத் தடுக்கவே அது. டார்பிடோவுக்கென்று நீருக்கடியில் வேறு ஏற்பாடு உண்டு: பக்கவாட்டில் மூன்று அடுக்கு அறைகள். வெளி அறை வெற்று, நடு அறையில் எண்ணெய் அல்லது தண்ணீர், உள் அறை மறுபடி வெற்று, அதற்குப் பின்னால் தடித்த இரும்புச் சுவர். வெடியின் வீச்சை நடுவிலுள்ள திரவம் பரப்பி வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது கணக்கு. 1,000 பவுண்டு, அதாவது சுமார் 450 கிலோ டி.என்.டி.யைத் தாங்கும்படி வடிவமைத்தார்கள். ஜப்பானிய விமானங்கள் போட்ட டார்பிடோக்களில் இருந்த வெடிமருந்தோ வகையைப் பொறுத்து 150 முதல் 205 கிலோ வரைதான். காகிதத்தில் பார்த்தால் கப்பல் தாங்கியிருக்க வேண்டும்.

ஆனால் இந்த ஏற்பாடு கப்பலின் நடுப்பகுதிக்கு மட்டும். பின்முனை குறுகிக்கொண்டே போவதால் மூன்று அடுக்கு அறைக்கு அங்கே இடம் கிடையாது. எஞ்சினின் சுழற்சியைப் புரொப்பல்லருக்குக் கொண்டுபோகும் நீண்ட தண்டுகளான நான்கு ஷாஃப்டுகளும் சுக்கானும் இருப்பது அங்கேதான். 1941 டிசம்பர் 10 அன்று காலை 11.44 மணியளவில், மலாயாவின் குவாந்தானுக்குக் கிழக்கே, இடப்பக்க வெளி ஷாஃப்டைத் தாங்கும் பிராக்கெட்டை ஒட்டி ஒரு டார்பிடோ வெடித்தது. அப்போது கப்பல் 25 நாட் (மணிக்குச் சுமார் 46 கி.மீ.) வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது, ஷாஃப்டும் அதற்கேற்ற சுற்றில்.

இனி நடந்ததை மெக்கானிக்கல் ஆளான உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஷாஃப்ட் எஞ்சின் அறையிலிருந்து பின்முனை வரை ஒரு சுரங்கம் போன்ற வழியில் போகிறது. வழியில் குறுக்கே வரும் ஒவ்வொரு நீர்புகாத் தடுப்புச்சுவரிலும் அதற்காக ஒரு துளை. துளைக்கும் ஷாஃப்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை கிளாண்டும் பேக்கிங்கும் அடைத்திருக்கும். ஷாஃப்ட் நேராகச் சுழலும்வரை எல்லாம் சரி. பிராக்கெட் போய் ஷாஃப்ட் கோணியபின், வளைந்த கம்பியை டிரில்லில் மாட்டி ஓட்டினாற்போல அது துளைக்குத் துளை அறைந்து கிளாண்டுகளைப் பிய்த்துக்கொண்டே சுழன்றது. அதாவது, தண்ணீரை ஓர் அறையோடு நிறுத்த வேண்டிய சுவர்களை எல்லாம் கப்பலின் சொந்த எஞ்சினே வரிசையாகத் திறந்துவிட்டது.

அந்த ஷாஃப்டை ஓட்டியது 'பி' எஞ்சின் அறை. அங்கிருந்த பொறியாளர் அதிர்வைக் கண்டு நிறுத்தினார். பிறகு மறுபடி ஓட்டிப் பார்த்தபோது ஷாஃப்ட் வழியாகக் கடல் உள்ளே பாய்ந்து, எல்லோரும் அறையைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. என் கணக்கில் அன்றைய நாளின் முக்கியமான நிமிடம் அதுதான். சுரங்க வழியைத் திறந்து பார்க்காமல், அடிபட்ட ஷாஃப்டை மறுபடி சுழற்றக் கூடாது. ஆனால் தலைக்கு மேல் அடுத்த விமான அலை வரும்போது வேகம் வேண்டுமே. அந்த நேரத்தில் அப்படி முடிவெடுத்தவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மற்றது எல்லாம் சங்கிலிதான். கப்பல் இடப்பக்கம் 11.5 டிகிரி சாய்ந்தது. எட்டு டைனமோக்களில் ஐந்து போயின, பின்பாதியில் மின்சாரம் இல்லை. மின்சாரம் இல்லையென்றால் பம்ப் இல்லை, காற்றோட்டம் இல்லை, சுக்கானும் இல்லை. பின்பக்கத்து 5.25 அங்குல விமான எதிர்ப்புப் பீரங்கிகளுக்கும் மின்சக்தி கிடையாது. வலப்பக்கம் மேலே தூக்கிக்கொண்டதால், அங்கிருந்த பீரங்கிக் குழாய்களைத் தாழப் பறந்து வரும் டார்பிடோ விமானங்களின் மட்டத்துக்கு இறக்க முடியவில்லை. 12.10 மணிக்குக் கட்டுப்பாட்டில் இல்லை என்பதற்கான இரண்டு கறுப்புப் பந்துகளை ஏற்றினார்கள். அடுத்து வந்த விமானங்கள் வலப்பக்கம் இன்னும் மூன்று டார்பிடோக்களை அடித்தன. 1.20 மணியளவில் மூழ்கியது. கூட வந்த ரிபல்ஸ் போர்க்கப்பல் அதற்கு முன்பே, 12.33க்குப் போய்விட்டது. அதன் கேப்டன் டென்னன்ட் பத்தொன்பது டார்பிடோக்களுக்குக் கப்பலை வளைத்துத் தப்பவைத்த பிறகு. இரண்டிலுமாக 840 பேர் மாண்டார்கள்: பிரின்ஸ் ஆஃப் வேல்ஸில் 327, ரிபல்ஸில் 513.

முதல் அடி இரண்டு டார்பிடோக்கள் என்றே நெடுங்காலம் எழுதிவந்தார்கள். சேதம் அவ்வளவு பெரிதாகத் தெரிந்ததால் அப்படி நினைத்திருக்க வேண்டும். 2007இல் 68 மீட்டர் ஆழத்தில் முக்குளித்து ஆய்ந்தவர்கள் கண்ட சேதம், ஷாஃப்ட் பிராக்கெட் அருகே பட்ட ஒற்றை அடியோடுதான் பொருந்துகிறது. இன்னொன்றும் கவனி. 1941 மே மாதம் இதே பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் சண்டையிட்ட ஜெர்மானியப் போர்க்கப்பல் பிஸ்மார்க் மாட்டிக்கொண்டதும் பின்முனையில்தான். ஸ்வார்ட்ஃபிஷ் என்ற துணி போர்த்திய இருதள விமானம் போட்ட டார்பிடோ அதன் சுக்கானை ஒரு பக்கமாக நெரித்து வைத்தது. அதன்பின் அந்தப் பெருங்கப்பலால் நேராகப் போக முடியவில்லை.

திருகோணமலையில் வேலியன்ட் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலுக்கு நேர்ந்தது பற்றி நீ படித்திருக்கிறாயா? திருகோணமலை என்றால் நம் ஆட்களில் பலர் அங்குள்ள எண்ணெய்க் குதங்களை மட்டும் பேசுகிறார்கள். வேலியன்ட் 1916இல் கடற்படையில் சேர்ந்தது, முதல் உலகப் போரின் ஜட்லண்ட் கடற்போரில் சண்டை போட்டது. பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் மூழ்கி ஒன்பதாம் நாள், அலெக்சாண்ட்ரியா துறைமுகத்தில் இத்தாலிய முக்குளிப்பு வீரர்களின் வெடியில் அடிபட்டுப் பிழைத்தது. கடைசியில் அதை முடித்தது எதிரி இல்லை.

1944 ஆகஸ்ட் 8. திருகோணமலையில் பெரிய மிதக்கும் டாக் ஒன்று இருந்தது. வேலை செய்யும் முறை எளிது: அடியிலும் பக்கச் சுவர்களிலும் உள்ள தொட்டிகளில் நீரை நிரப்பி டாக்கைத் தாழ்த்துவார்கள், கப்பலை உள்ளே இழுத்து மரக்கட்டைகளின் மேல் உட்கார வைப்பார்கள், பிறகு தொட்டிகளை இறைத்து டாக்கோடு கப்பலையும் மேலே தூக்குவார்கள். சூட்சுமம் எல்லாம் இறைக்கும் வரிசையில். மேலே எங்கெங்கே எவ்வளவு பாரம் அழுத்துகிறதோ, அந்தந்த இடத்தில் அடித்தொட்டியின் மிதப்பும் அவ்வளவு இருக்க வேண்டும். போர்க்கப்பலின் பாரம் நீளம் முழுக்கச் சீராக இருக்காது. பீரங்கிக் கூண்டுகளும் அவற்றின் அடியிலுள்ள குண்டு, வெடிமருந்து அறைகளும் முன்னும் பின்னும் குவிந்திருக்கும். முறையாகச் செய்வதானால் டாக் ஏறுமுன் அவற்றை இறக்கிவிடுவது நல்லது. அன்று வேலியன்ட் முழு வெடிபொருளோடு ஏறியது. தொட்டிகளை இறைத்த வரிசையும் கப்பலின் பாரத்துக்குப் பொருந்தவில்லை. டாக்கின் முனைகள் தாங்க முடியாமல், அதன் முதுகு முறிந்து மூழ்கியது.

கொதிகலன்களில் நீராவி வைத்திருந்ததால் வேலியன்ட் கூடவே மூழ்காமல் தப்பியது. ஆனால் உள்பக்க இரண்டு புரொப்பல்லர்களும் ஒரு சுக்கானும் இறுகிப்போயின. எகிப்துக்குப் போய் அங்கே டாக்கில் ஏற்றலாம் என்று கிளம்பினார்கள். 8 நாட் வேகத்துக்கு மேல் போக முடியவில்லை, சுக்கானும் சரியாகப் பிடிக்கவில்லை. சூயஸ் விரிகுடாவரை போய், கால்வாய்க்குள் நுழைய முடியாமல் நின்றது. பிறகு முக்குளிப்பவர்கள் இறங்கி, உள் ஷாஃப்டுகள் இரண்டையும் நீருக்கடியிலேயே கிளாண்டுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவில் அறுத்தார்கள். பிராக்கெட்டும் புரொப்பல்லரும் கடலடியில் விழுந்தன. மீதி இரண்டு ஷாஃப்டுகளோடு நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது. மறுபடி சண்டைக்கு வரவே இல்லை.

இப்போது புதிய பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ். 65,000 டன், 280 மீட்டர் நீளம், 2019இல் சேவைக்கு வந்தது. இரண்டே ஷாஃப்ட், ஒவ்வொரு புரொப்பல்லரும் 33 டன். அவற்றைச் சுழற்றுவது மின்மோட்டார்கள், அவற்றுக்கு மின்சாரம் தருவது இரண்டு கேஸ் டர்பைனும் நான்கு டீசலும். இவ்வளவு புதுமைக்கும் பின்னால், ஹல்லுக்கு (கப்பலின் உடற்கூட்டுக்கு) வெளியே நீரில் கிடக்கும் ஷாஃப்ட் துண்டுகளைச் சேர்ப்பது கப்பிளிங்தான். 2022 ஆகஸ்ட் 27 அன்று போர்ட்ஸ்மத்திலிருந்து அமெரிக்காவுக்குக் கிளம்பிய கப்பல் ஐல் ஆஃப் வைட் பக்கத்திலேயே நின்றது. வலப்பக்க ஷாஃப்டின் வெளிக் கப்பிளிங் போய்விட்டது. காரணமாகச் சொல்லப்பட்டது அலைன்மென்ட். ஷாஃப்ட் துண்டுகள் ஒரே நேர்கோட்டில் பொருத்தப்படவில்லை.

இதில் ஒரு பொதுவான சிக்கல் இருக்கிறது. டாக்கில் கட்டைகளின் மேல் உட்கார்ந்திருக்கும் ஹல்லும், நீரில் மிதந்து எரிபொருள் ஏற்றிய ஹல்லும் ஒரே வடிவத்தில் இருக்காது, கொஞ்சம் வளையும். டாக்கில் நேராக இருந்த கோடு தண்ணீரில் கோணலாகலாம். அதனால்தான் மிதக்கவிட்ட பிறகு மறுபடி அளப்பார்கள். மீறி மிஞ்சும் சிறு கோணலும் ஒவ்வொரு சுற்றிலும் கப்பிளிங்கை முறுக்கி இழுத்துக்கொண்டே இருக்கும். எப்போது விடும் என்பதுதான் கேள்வி. ரோசைத் உலர் துறைக்குப் போன கப்பல் 2023 ஜூலையில்தான் வெளியே வந்தது. 2024 பிப்ரவரியில் நேட்டோ பயிற்சிக்குப் புறப்படுமுன் மூத்த சகோதரிக் கப்பலான குயீன் எலிசபெத்தின் வலப்பக்கக் கப்பிளிங்கிலும் பழுது தெரிந்தது. அது வேறு காரணம், தேய்மானம் என்றார்கள். அவசரமாக அதற்குப் பதில் போனது யார் தெரியுமா? பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்தான். இரண்டு கட்டியதன் பயன் அன்று தெரிந்தது.

மின்சாரம் போவதால் வரும் கேடும் 1941உடன் முடியவில்லை. விமானந்தாங்கிக்குக் காவலாக வரும் டைப் 45 வகை நாசகாரிப் போர்க்கப்பல்கள் மொத்தமே ஆறு. அவற்றின் டபிள்யூ.ஆர்.-21 டர்பைனில், அழுத்திய காற்றைக் குளிர்விக்க ஓர் இன்டர்கூலர் உண்டு. எரிபொருள் மிச்சம் என்று சேர்த்தது. வெதுவெதுப்பான கடலில் அதன் குளிர்விப்பு போதவில்லை, டர்பைனின் சக்தி சட்டென இறங்கி டிரிப் ஆகி நின்றுவிடும். உடனே மொத்த லோடும் இரண்டு 2 மெகாவாட் டீசல்களின் தலையில் விழும். அவையும் தாங்காமல் விட்டுவிட, கப்பல் முழுக்க இருட்டு: ரேடார், ஏவுகணை, புரொப்பல்லர் எல்லாம். மின்மோட்டாரில் ஓடும் கப்பலில் விளக்கு அணைவதும் எஞ்சின் நிற்பதும் ஒன்றே.

இப்போது செய்வது, பழைய இரண்டு டீசலை எடுத்துவிட்டு 3 மெகாவாட் டீசல் மூன்று வைப்பது. சொல்லச் சுலபம், ஹல்லின் பக்கத்தை வெட்டித்தான் இறக்க வேண்டும். ஒவ்வொரு கப்பலும் அதற்காக நீண்ட காலம் படையிலிருந்து விலகி நிற்கிறது. ஆறில் ஒன்றிரண்டு எப்போதும் பட்டறையில் என்றால், இரண்டு விமானந்தாங்கிகளுக்கும் ஒரே நேரத்தில் காவல் எங்கிருந்து வரும்? பிரிட்டனின் கடற்படையை எடைபோட நீ டன்னையும் விமான எண்ணிக்கையையும் கூட்டியிருந்தாய். நானாக இருந்தால் இந்த டீசல் மாற்றம் எத்தனை கப்பலில் முடிந்திருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பேன். முதலில் மாற்றியது டான்ட்லஸ். 2025இல் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸோடு இந்தியப் பெருங்கடலுக்கு வந்த டைப் 45 அதுதான். வெதுநீரில் அதைத்தான் அனுப்பியதில் ஆச்சரியமில்லை.

வேலியன்ட் டாக் விபத்து பற்றி உன் திருகோணமலைச் சொந்தக்காரர்களிடம் பழைய படம் ஏதாவது இருந்தால் கேட்டுப் பார். அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்லு.

அன்புடன்,
சிவா