வீட்டுல ரயில் இஞ்சின் செய்றவங்களுக்கு ஒரு பொதுப் பட்டறை வேணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஓய்வுபெற்றவங்க என்னென்ன செய்யலாம்னு நம்ம பத்திரிகையில அடிக்கடி வருது, நடைப்பயிற்சி, யோகா, தோட்டம், கேரம், பாட்டு வகுப்பு எல்லாம் நல்லதுதான். ஆனா காலம் பூரா லேத்துலயும் (கடைசல் மிஷின்) வைஸ்லயும் (பிடிப்புக் கருவி) நின்னே வேலை பார்த்த ஆளுங்க நம்ம சிங்கப்பூர்ல எவ்வளவு பேர் இருக்கோம், கப்பல் பட்டறையில ஃபிட்டர், டர்னர், வெல்டர்னு இருந்தவங்க, அந்தக் கைக்குன்னு ஒரு வேலை இருக்கு, அதைப் பத்தி யாரும் எழுதிப் பார்த்ததில்ல. அதான் நானே எழுதுறேன்.

நிலக்கரி போட்டு, தண்ணி கொதிச்சு, நிஜமாவே நீராவியில ஓடுற சின்ன ரயில் இஞ்சின். ஒவ்வொரு பாகத்தையும் வீட்டுலயே கடைஞ்சு, அரம் போட்டு ராவி, பத்த வச்சு, அதாவது கம்பியை உருக்கி ஒட்டி செய்றது. இங்கிலாந்துல இது நூறு வருஷத்துக்கு மேல நடக்குது, 1898லயே இதுக்குன்னு தனிப் பத்திரிகை ஆரம்பிச்சுட்டாங்க. கர்லி லாரன்ஸ்னு ஒருத்தர், எல்பிஎஸ்சி-ங்கிற பேர்ல எழுதினவர், கத்துக்குட்டிங்களுக்காகவே ‘டிச்’னு ஒரு குட்டி இஞ்சினுக்கு வரைபடம் போட்டுக் குடுத்திருக்கார். நாலே சக்கரம், தண்டவாளத்துக்கு நடுவுல மூணரை இஞ்ச், அதாவது 89 மில்லிமீட்டர்தான். ரெண்டு கையால தூக்கிடலாம், ஆனா பின்னாடி ஒரு பெட்டி மாட்டி அதுல பெரிய ஆள் உக்காந்தா இழுத்துக்கிட்டுப் போயிடும். அதைத்தான் நான் இப்ப செஞ்சுக்கிட்டு இருக்கேன், எங்க வீவக அடுக்குமாடி வீட்டு பாம் ஷெல்டர்ல, அதாவது குண்டு விழுந்தா ஒதுங்குறதுக்குன்னு கட்டின சின்ன அறையில, ஒரு சின்ன லேத் போட்டு.

சொந்தக்காரங்க வந்தா முதல்ல கேக்குறது, இதை வித்தா எவ்வளவு வரும்னு. விக்கிறதுக்கு இல்லீங்க. இதுல இருக்குற கணக்கு அப்படி மனசைப் பிடிச்சுக்குது. பெரிய இஞ்சினை அப்படியே பதினாறுல ஒரு பங்கா சுருக்கினா ஓடாது. நீளம் 16 மடங்கு குறையும்போது பரப்பு 256 மடங்கு குறையுது, கொள்ளளவு 4,096 மடங்கு குறையுது, அதனால சின்ன பாய்லர்ல இருக்குற கொஞ்ச தண்ணிக்கு அது மேல்பரப்பு ரொம்ப அதிகம், சூடு வேகமா வெளிய போயிடும். புகைக்குழாயையும் அளவு பார்த்து மெல்லிசா சுருக்கிட்டா சாம்பல் அடைச்சுக்கும். தண்ணி மட்டம் காட்டுற கண்ணாடிக் குழாய் ரொம்ப ஒல்லியா இருந்தா தண்ணி அதுல ஒட்டிக்கிட்டு பொய் மட்டம் காட்டும், உள்ள தண்ணி இல்லாம பாய்லர் காஞ்சு போனா என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்ல. இதையெல்லாம் யோசிச்சு மாத்தி மாத்திப் போட்டாதான் அது இஞ்சின்.

சக்கரத்துல ஒரு விஷயம் சொல்றேன். பிஸ்டன் தள்ளுறதை சக்கரம் சுத்துறதா மாத்துற கைக்கு கிராங்குன்னு பேரு, இந்தப் பக்கத்து கிராங்குக்கும் அந்தப் பக்கத்து கிராங்குக்கும் சரியா 90 டிகிரி வித்தியாசம் இருக்கணும், அப்பதான் ஒரு பக்கத்து பிஸ்டன் கடைசி முனையில போய் செத்து நின்னாலும் இன்னொரு பக்கத்து பிஸ்டன் நடுவுல இருந்து தள்ளும், எந்த இடத்துல நிறுத்தினாலும் மறுபடி கிளம்பும். அதோட எல்லா அச்சுலயும் அதே கோணம் வரணும், கொஞ்சம் தள்ளிப் போனாக்கூட சக்கரங்களைச் சேர்க்கிற கம்பி இறுகிப் பிடிச்சுக்கும். அச்சுல சக்கரத்தை ஏத்திட்டு விரலால உருட்டிப் பார்க்கும்போது எங்கயும் தடங்கல் இல்லாம வழுக்கிக்கிட்டு வருமே, அந்த சந்தோஷத்தை சொல்லிப் புரிய வைக்க முடியாது.

ஆனா என் கடிதத்துக்குக் காரணம் பாய்லர்தான். அது செம்புல செய்றது. தகட்டை வட்டமா வெட்டி, ஒரு அச்சுக்கட்டை மேல வச்சு இறுக்கி, விளிம்பை மரச்சுத்தியால தட்டித் தட்டி மடக்கணும். கொஞ்ச நேரம் நல்லா மடங்கும், அப்புறம் சத்தம் மாறும், தொப்பு தொப்புனு கேட்டது டங் டங்னு கேக்க ஆரம்பிக்கும், செம்பு விறைச்சுக்கிச்சுன்னு அர்த்தம், அதுக்கு மேல தட்டினா வெடிப்பு விழும். உடனே செவக்க காய்ச்சி தண்ணியில முக்கிடணும். இரும்பா இருந்தா இப்படி முக்கினா இறுகிப் போயிடும்னு பயப்படுவோம், செம்பு அதுக்கு நேர்மாறு, மெத்துனு ஆயிடும், மறுபடி தட்டலாம். காக்கி புக்கிட்ல ஒரு நண்பரோட பட்டறையில ஞாயித்துக்கிழமை போய்தான் இதை செய்றேன், மேல் வீட்டுல கைக்குழந்தை இருக்கு, புளோக்குல வச்சு சுத்தி அடிக்கிறது நியாயம் இல்ல.

அதுக்கு அடுத்ததுதான் பத்த வைக்கிறது. ஈயப்பற்று இங்க உதவாது, வெள்ளி கலந்த கம்பி போட்டுதான் பத்த வைக்கணும், அது 600, 700 டிகிரியில உருகுது. செம்பு 1,085 டிகிரியிலதான் உருகும், அதனால செம்புக்கு ஆபத்து இல்ல, ஆனா செம்பு சூட்டை அப்படியே இழுத்துப் பரப்பிடும், பத்த வைக்கிற இடத்தை மட்டும் காய்ச்சினா போதாது, பாய்லர் மொத்தமும் செவக்கணும். சுத்தி சூடு தாங்குற செங்கல் அடுக்கி, ஒருத்தர் பெரிய டார்ச்சால பூராவும் காய்ச்சிக்கிட்டே இருக்க, இன்னொருத்தர் சின்ன டார்ச்சும் கம்பியுமா ஒட்டுற இடத்தை கவனிக்கணும். பழைய கம்பியில காட்மியம் இருக்கும், அந்தப் புகை விஷம், காட்மியம் இல்லாத கம்பியா பார்த்து வாங்கணும், காத்தோட்டமும் வேணும். இத்தனையும் ஒரு அடுக்குமாடி வீட்டுக்குள்ள தனியாளா செய்யவே கூடாது, நான் செய்யவும் மாட்டேன். அதனால அடிச்சட்டம், சக்கரம், சிலிண்டர் எல்லாம் முடிஞ்சும் பாய்லர் துண்டு துண்டா பெட்டியில கிடக்குது.

செஞ்சு முடிச்சாலும் சோதிக்க இன்னொரு கண் வேணும். இங்கிலாந்துல, ஆஸ்திரேலியாவுல எல்லாம் இந்த மாதிரி சங்கங்கள்ல பாய்லர் சோதிக்கன்னே ஆள் இருக்காங்க, சங்கத்துக்காரங்க பார்த்து சான்றிதழ் குடுத்தாதான் பொது இடத்துல ஓட்ட விடுவாங்க. புது பாய்லர்னா பச்சைத் தண்ணியை நிரப்பி, காத்து துளிகூட இல்லாம பார்த்து, ஓட்டப் போற அழுத்தத்துக்கு ரெண்டு மடங்கு பம்ப் பண்ணுவாங்க, 80 பிஎஸ்ஐ (அழுத்தத்தோட அளவு) பாய்லர்னா 160 வரைக்கும். தண்ணி அமுங்காது, அதனால எங்கயாவது விட்டாலும் சர்ருனு கொஞ்சம் பீச்சிட்டு நின்னுடும், யாருக்கும் அடி படாது. காத்தையோ நீராவியையோ வச்சு சோதிக்கும்போது விட்டுச்சுன்னா வெடிக்கும். இந்த ஒழுங்கை நான் ரொம்ப மதிக்கிறேன், அது நம்ம ஊருக்கும் வரணும்.

அதனால நான் கேக்குறது பெரிசா ஒண்ணும் இல்ல. ஏதாவது ஒரு சமூக மன்றத்துல, இல்ல வாடகை குறைவா ஒரு தொழிற்பேட்டை யூனிட்ல, பொதுவா ஒரு பட்டறை. ரெண்டு லேத், ஒரு டிரில், பத்த வைக்க காத்தோட்டமான ஒரு மூலை, பாய்லர் சோதிக்க ஒரு கை பம்ப், அவ்வளவுதான். சமையல் வகுப்புக்கு அடுப்போட அறை கட்டிக் குடுக்குறோம், கைத்தொழிலுக்கும் ஒரு அறை குடுக்கலாமே. 40 வயசு தாண்டினவங்களுக்கு 2024ல ஸ்கில்ஸ்ஃபியூச்சர்ங்கிற அரசாங்கப் பயிற்சித் திட்டத்துல 4,000 வெள்ளி குடுத்தாங்க, புதுசா கத்துக்கச் சொல்லி, நல்ல திட்டம், அதே நேரத்துல ஏற்கனவே கையில இருக்குற வித்தையை சின்னப் பசங்களுக்குக் கத்துக்குடுக்கவும் ஒரு இடம் வேணும். கம்ப்யூட்டர்ல வரைஞ்சா மிஷின் வெட்டிக் குடுத்துடும்னு பசங்க சொல்றாங்க, சரிதான், ஆனா ஒரு தகட்டை மட்டமா ராவி ஸ்கொயரை (மூலைமட்டம்) வச்சு வெளிச்சத்துல பிடிச்சுப் பார்க்கிற பழக்கம் ஒரு பதினாலு வயசுப் பையனுக்கோ பொண்ணுக்கோ வந்துட்டா அது வாழ்க்கை பூரா கூட வரும்.

இன்னொரு ஆசையும் இருக்கு. தஞ்சோங் பகார்ல இருந்து உட்லண்ட்ஸ் வரைக்கும் 24 கிலோமீட்டர் பழைய ரயில் பாதை இப்ப நடக்குறதுக்கும் சைக்கிளுக்கும் இருக்கு. 2011 ஜூன் 30ஆம் தேதி ராத்திரி கடைசி ரயில் போச்சு, தண்டவாளத்தை பெரும்பாலும் பேத்து எடுத்தாச்சு. 1932ல கட்டின புக்கிட் தீமா ஸ்டேஷனை அழகா புதுப்பிச்சு 2022ல திறந்துட்டாங்க. அந்தப் பக்கம் ஒரு சின்ன மேடைத் தண்டவாளம், கழட்டி மாட்டுறதா இருந்தாக்கூடப் போதும், மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை போட்டு பிள்ளைங்களை ஏத்தி ஓட்டினா எவ்வளவு நல்லா இருக்கும். மலாயா ரயில்வேயில வேலை பார்த்த தமிழருங்க எத்தனை பேர், ஸ்டேஷன் மாஸ்டரா யாழ்ப்பாணத்துக்காரங்க, தண்டவாள வேலையில தமிழ்நாட்டுக்காரங்க, கோலாலம்பூர் செந்தூல் பட்டறையில பரம்பரை பரம்பரையா இருந்தவங்க. மலாயா ரயில்வேயில 1957ல டீசல் இஞ்சின் வந்ததுக்கு அப்புறம் நீராவி கொஞ்சம் கொஞ்சமா போயிடுச்சு. திருச்சி பொன்மலை பட்டறையில ஊட்டி மலை ரயிலுக்குன்னு 2011லகூட புது நீராவி இஞ்சின் செஞ்சு அனுப்பினாங்க, அந்த வேலை தெரிஞ்ச கை நம்ம ஆளுங்ககிட்ட இன்னும் இருக்கு.

லேத் வச்சிருக்கிறவங்க, வச்சுக்க இடம் இல்லாதவங்க, கப்பல் பட்டறையில பாய்லர் வேலை பார்த்து ஓய்வுல இருக்கிறவங்க, இப்ப ஒர்க் பெர்மிட்ல இருக்கிற தம்பிங்க, ஆர்வம் இருந்தா தயவு செஞ்சு இந்தப் பகுதிக்கு எழுதுங்க. ஒரு பத்துப் பேர் சேர்ந்துட்டா சமூக மன்றத்துல போய்க் கேக்க எனக்குத் தெம்பு வரும், விண்ணப்பம் எழுதுற வேலையை நான் பார்த்துக்குறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டர்னர், ஈசூன்