முதல் கோலும் அன்றைய கோல்கீப்பரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உலகக் கோப்பையின் முதல் கோலை 1930 ஜூலை 13 அன்று மெக்சிகோவுக்கு எதிராக, 19-வது நிமிடத்தில் பிரான்சின் லூசியன் லோரான் அடித்தார் என்பதோடு உங்கள் விளையாட்டுப் பக்கம் நிறுத்திக்கொண்டது. சென்டெனாரியோ என்று போட்ட இடமும் தவறு. அந்த மைதானத்தில் அப்போது கட்டுமான வேலையே முடியவில்லை. ஆட்டம் நடந்தது மான்டிவிடியோவின் சின்ன மைதானமான பொசிட்டோஸில்.

நம் பயிற்சியாளர்களுக்கு லோரானைவிடப் பயன்படக்கூடியவர் அன்றைய கோல்கீப்பர் அலெக்ஸ் தெப்போ. பிரெஸ்ட்டில் பிறந்து, பாரிஸின் ரெட் ஸ்டார் கிளப்புக்கு ஆடியவர். 1927 முதல் 1935 வரை பிரான்சுக்காக 31 ஆட்டங்கள். முதல் கோல் விழுந்த சில நிமிடங்களிலேயே எதிரணி வீரரிடம் உதைபட்டு வெளியேறினார். மாற்று ஆட்டக்காரரை இறக்க வழியில்லை; உலகக் கோப்பையில் அது 1970-ல்தான் வந்தது. நடுவரிசையில் ஆடிய ஷான்ட்ரெல் கோலுக்குள் போனார். மிச்சமிருந்த 10 பேர் இன்னும் 3 கோல் போட்டு 4-1 என்று ஜெயித்தார்கள்.

மெக்சிகோவின் அந்த ஒரு கோல் ஷான்ட்ரெல் கீப்பராக நின்றபோது விழுந்தது. தெப்போ அந்தத் தொடரில் விட்டது இரண்டே: அர்ஜென்டினாவின் மான்டி 81-வது நிமிடத்தில் அடித்த ஃப்ரீ கிக், பிறகு சிலியின் ஒரு கோல். அடிபட்ட இரண்டாம் நாளே அர்ஜென்டினாவுக்கு எதிராக நின்றார். சிலியின் விடால் அடித்த பெனால்டியையும் தடுத்தார். பட்டியலில் வெறுமனே பிரான்ஸ் விட்டது ‘3 கோல்’ என்று போட்டால் இது எதுவும் தெரியாது.

சேலம் காந்தி ஸ்டேடியத்துக்கு வரும் பல பள்ளி அணிகள் இன்றும் ஒரே கீப்பரோடுதான் வருகின்றன. அவன் விழுந்தால் உயரமான பையனை நிறுத்துவார்கள். அது பெரும்பாலும் தப்பு. பக்கவாட்டிலிருந்து உயரமாக வரும் கிராஸுக்கு உயரம் உதவலாம். கீழே வரும் பந்துக்கு முழங்காலை மடக்கிப் பின்னால் தடுப்பு வைக்கத் தெரியாதவனின் காலிடுக்கில்தான் கோல் விழும். ஏற்காட்டுப் பனியில் நனைந்த பந்து இன்னும் மோசம்: பிடிக்கப் போனால் நழுவி எதிராளி காலடிக்கே போகும், பக்கவாட்டில் தட்டிவிடத்தான் பழக்க வேண்டும். பதற்றப்படாத ஹாஃப் (நடுவரிசை ஆட்டக்காரன்) ஒருவனுக்கு வாரம் ஒருமுறை கால் மணி நேரம் இதைப் பழக்கினால் போதும். வேறு நிறத்தில் ஒரு ஜெர்சியும் கையுறையும் கிட் பையில் இருக்கட்டும். நடுவரிடம் சொல்லாமல் கீப்பரும் இன்னொருவனும் இடம் மாறினால், பந்து அடுத்து வெளியே போகும்போது இருவருக்கும் மஞ்சள் அட்டை.

இப்படிக்கு,
கால்பந்து ஆர்வலர்கள்,
அஸ்தம்பட்டி, சேலம்.