மரப்பட்டையில் ஒரு மூலப்பத்திரம்

ஆசிரியருக்கு,

சென்ற ஞாயிறு இணைப்பில், வீட்டுச் சுவர் அலங்காரம் பற்றிய பக்கத்தில், ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் ஓவியங்களைக் 'கண்ணுக்கினிய புள்ளிக்கோலங்கள்' என்று எழுதியிருந்தீர்கள். 32 வருடம் சங்கிலி பிடித்த சர்வேயர் நான். யாரோ ஒருவருடைய பட்டாவைச் சட்டம் போட்டு மாட்டி, 'என்ன அழகான கையெழுத்து' என்று சொன்னது போலிருந்தது.

மகள் கான்பெராவில் இருக்கிறாள். போன வருடம் அங்கே போயிருந்தபோது நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அழைத்துப் போனாள். யிர்க்கலா என்ற ஊர் மக்களின் மனுவை அங்கே கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். 1963இல் வடக்கே ஆர்ன்ஹெம் லேண்டில், பாக்சைட் சுரங்கத்துக்காக 300 சதுர கிலோமீட்டருக்கு மேல் நிலத்தை, அங்கே வாழும் யோல்ங்கு மக்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அரசு எடுத்துக்கொண்டது. அவர்கள் தங்கள் மொழியிலும் ஆங்கிலத்திலும் தட்டச்சு செய்த தாளை மரப்பட்டையில் ஒட்டி, சுற்றிலும் தங்கள் குலச் சித்திரங்களை மண் நிறங்களால் தீட்டி அனுப்பினார்கள். கையெழுத்துப் போட்டவர்கள் யார் என்று கேள்வி கிளம்பியது. அப்புறம் பெரியவர்களின் கைநாட்டோடு இன்னொரு மனு போனது. (கைநாட்டு விஷயத்தில் எல்லா நாட்டு அலுவலகமும் ஒன்றுதான் போல!)

எந்தக் குலத்துக்கு எந்தக் கரை, எந்த நீர் என்ற கதை அந்தச் சித்திரக் கோடுகளில் இருக்கிறது. உரிமையில்லாதவர் அதை வரையக்கூடாது. ஆனாலும் அந்த நிலத்துக்காகப் போட்ட வழக்கில் 1971இல் நீதிமன்றத்தில் தோற்றார்கள்.

இன்னொரு இடத்தில் ஓவியம் ஜெயித்தது. மேற்கு ஆஸ்திரேலியாவின் கிரேட் சாண்டி பாலைவனத்து மக்கள் 1997இல் சுமார் 10 மீட்டருக்கு 8 மீட்டர் துணியில் தங்கள் நீர்ச்சுனைகளைச் சேர்ந்து வரைந்து, நில உரிமை விசாரணையில் விரித்தார்கள். அவரவர் வரைந்த இடத்தின் மேல் ஏறி நின்று, அவரவர் மொழியில் சாட்சி சொன்னார்கள். 2007இல் உரிமை வந்தது. எங்கள் எஃப்.எம்.பி.யில் (நில அளவைப் புத்தகத்தில்) கிணறு என்றால் ஒரு குட்டி வட்டம். யார் வெட்டியது, கோடையில் ஊறுமா, ஒன்றும் அதில் தெரியாது.

நீங்கள் போட்ட படத்துக்குக் கீழே வரைந்தவர் பெயரும் இல்லை, எந்த ஊர்ப் படம் என்றும் இல்லை. சர்வே எண் இல்லாத வரைபடம் எங்கள் மேசைக்கே வராது. அடுத்த முறை அந்த இரண்டையுமாவது சேர்த்துப் போடுங்கள்.

ஓய்வுபெற்ற நில அளவையர்,
மன்னார்குடி