மாற்றப் பதிவேட்டில் ஒரே திருத்தம் இருமுறை ஏறலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தோட்டங்களில் ரப்பர்ப் பால் எடையும் செம்பனைக் குலைக் கணக்கும் சம்பளப் பட்டியலும் கணினிக்கு வந்துவிட்ட இக்காலத்தில், அம்மென்பொருள்களைப் பராமரிக்கும் என் போன்றோர் செய்யும் ஒரு தவற்றைப் பற்றி எழுத விரும்புகிறேன். எது, எப்போது, ஏன் மாற்றப்பட்டது என்று குறித்துவைக்கும் மாற்றப் பதிவேட்டில் ஒரே திருத்தத்தை இருமுறை ஏற்றிவிடுகிறோம்.

விடுமுறை நாள் சம்பளக் கணக்கில் இருந்த ஒரு பிழையை நாங்கள் சரிசெய்தபோது, நிரலை எழுதியவர், நிரலின் மாற்றங்களைச் சேமித்துவைக்கும் கிட் (Git) என்னும் மென்பொருளில் அதைக் கமிட் செய்கையில், அதாவது பதிவு செய்கையில், ஒரு விளக்கம் எழுதினார். நானோ அதையே வேறு சொற்களில், வேறு தேதியிட்டுப் பதிவேட்டில் எழுதினேன். பிறகு இரண்டையும் ஒரே பட்டியலாக்கிக் கொடுத்தபோது, கணக்காய்வாளர் இரண்டாவது பிழை எங்கே என்று கேட்டார். இல்லாத பிழையைத் தேடியே இரண்டு நாள் போயிற்று.

இரண்டு இடங்களில் கையால் எழுதுவதுதான் இதற்குக் காரணம். ஜிசிசி நிரல்மொழிமாற்றித் திட்டத்தினர் 2020இல் கிட்டுக்கு மாறிய பின், சேஞ்ச்லாக் எனப்படும் மாற்றப் பதிவேட்டுக் கோப்புகளைக் கையால் எழுதுவதை விட்டு, கமிட் செய்திகளிலிருந்தே அவற்றைத் தானாக உருவாக்குகிறார்கள். சிறிய குழுவினரான நமக்கும் அதுவே ஏற்றது என்பது என் கருத்து.

ஆனால் அதில் ஒரு சிக்கலும் உண்டு. பழைய பதிப்பையே பயன்படுத்தும் தோட்டத்துக்காக ஒரு திருத்தத்தை மட்டும் செர்ரி-பிக் செய்து, அதாவது தனியே நகலெடுத்து, பழைய கிளைக்கு (அப்பதிப்பின் தனி நிரல் வரிசைக்கு) கொண்டுபோனால், அதற்கு வேறொரு கமிட் எண் கிடைத்துவிடுகிறது. இரு கிளைகளின் பதிவுகளையும் சேர்த்தால் திருத்தம் இரண்டாகத் தெரியும். ஒரு டிவிஷனிலிருந்து மற்றொன்றுக்கு அனுப்பப்பட்டவரின் பெயர் இரண்டு செக்ரோலிலும் (வருகை, சம்பளப் பதிவேடு) ஏறிவிடுவது போன்றது இது. (பழைய கிராணிமார், அதாவது தோட்டத்து எழுத்தர்கள், அதைக் காலையில் ஆளெடுக்கும் பெரட்டுக் களத்திலேயே கண்டுபிடித்திருப்பார்கள்!) கிட்டில் உள்ள பேட்ச்-ஐடி என்னும் அடையாள எண், கமிட் எண்ணைப் பாராமல் மாற்றப்பட்ட வரிகளையும் அவற்றை ஒட்டிய வரிகளையும் கொண்டே கணக்கிடப்படுவதால், இத்தகைய இரட்டைகளைப் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். கிளைகளுக்கிடையே எழுந்த முரணைத் தீர்க்க நிரலைத் திருத்தியிருந்தாலோ, ஒட்டிய வரிகள் வேறாக இருந்தாலோ அதுவும் மாறிவிடும் என்பதால், செர்ரி-பிக் செய்யும்போதே ‘எக்ஸ்’ (-x) தெரிவைச் சேர்த்து, மூலக் கமிட்டின் எண்ணைச் செய்தியிலேயே பதித்துவிட வேண்டும்.

சொற்கள் ஒன்றாக இருப்பதால் மட்டும் எந்தப் பதிவையும் நீக்கிவிடக் கூடாது. ‘ரசீது அச்சு சரிசெய்யப்பட்டது’ என்று எங்கள் பதிவேட்டில் மூன்று வரிகள் உள்ளன. மூன்றும் வெவ்வேறு திருத்தங்கள். அதனால் இப்போது ஒவ்வொரு வேலைக்கும் ஓர் எண் கொடுத்து, அந்த எண் இல்லாத கமிட்டை ஏற்பதில்லை.

இப்படிக்கு,
மென்பொருள் பராமரிப்பாளர் ஒருவர்,
சுங்கை சிப்புட், பேராக்.