நாமினி ஆக்கினால் மட்டும் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

தன்பாலினத் திருமணம் என்றாலே பேச்சு மதம், பண்பாடு என்று போய்விடுகிறது. வங்கியில், இறந்தவர்களின் கணக்குகளை முடித்துக்கொடுக்கும் பிரிவில் பல வருடங்கள் வேலை பார்த்தவள் நான். துணை இறந்த பிறகு மற்றவருக்கு என்ன மிஞ்சும் என்பதுதான் என் கவலை.

2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம், மத வேறுபாடில்லாமல் திருமணம் செய்ய வழிசெய்யும் சிறப்புத் திருமணச் சட்டத்தில் தன்பாலின இணையர்களைச் சேர்ப்பது நாடாளுமன்றத்தின் வேலை என்று சொல்லிவிட்டது. 2025 ஜனவரியில் சீராய்வு மனுக்களும் தள்ளுபடியாயின. இடையில், 2024 ஆகஸ்டில் மத்திய நிதி அமைச்சகம் ஒரு விளக்கம் தந்தது. இந்த இணையர்கள் கூட்டுக் கணக்கு தொடங்கலாம், துணையை நாமினி ஆக்கலாம், தடையில்லை என்றது. நல்ல செய்திதான். ஆனால் நாமினி என்பவர் வங்கியிடம் பணத்தைப் பெற்றுக்கொள்பவர் மட்டுமே. பணம் சட்டப்படி வாரிசுகளுக்குச் சொந்தம். ஆயுள் காப்பீட்டில், 2015 திருத்தத்துக்குப் பிறகு, நாமினி பெற்றோராகவோ கணவன், மனைவி, பிள்ளைகளாகவோ இருந்தால் தொகை அவர்களுக்கே உரியது. திருமணம் செய்துகொள்ள முடியாத துணைக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை.

ஒரே வீட்டில் வாழ்ந்த இரண்டு பெண்கள் எங்கள் வாடிக்கையாளர்கள். ஒருவர் இறந்ததும், நாமினியான மற்றவருக்கு முறைப்படி பணம் கொடுத்தோம். அப்புறம் இறந்தவரின் அண்ணன் வாரிசுச் சான்றிதழோடு வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். தங்கை நோயில் கிடந்தபோது எட்டிப் பார்க்காதவர் அவர். சட்டம் அவர் பக்கம் இருந்தது. அந்த அம்மா பணத்தைக் கொடுத்துவிட்டார். இன்று நினைத்தாலும் நெஞ்சு கொதிக்கிறது.

2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், திருமணம் மட்டுமே குடும்பத்துக்கு அடிப்படை அல்ல, தாங்களே தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பம்தான் என்றது. சரி, அந்தக் குடும்பத்துக்கு வாரிசுரிமை எங்கே? டெல்லி முடிவு செய்யட்டும் என்று தமிழ்நாடு காத்திருக்க வேண்டியதில்லை. சுயமரியாதைத் திருமணத்தைச் செல்லுபடியாக்கி 1967இல் சட்டத் திருத்தம் இயற்றியது நாம். பெண்ணுக்குப் பூர்வீகச் சொத்தில் சமபங்கு என்று மத்திய அரசு 2005இல் சொன்னதை 1989இலேயே செய்ததும் நாம். குடியரசுத் தலைவரின் ஒப்புதல் தேவைப்படும், தாமதமாகும், தெரியும். இருந்தாலும், இணையர் தங்கள் உறவைப் பதிவு செய்யவும், பதிவு செய்த துணை வாரிசாகவும் வழிசெய்யும் மசோதாவைச் சட்டமன்றத்தில் கொண்டுவர வேண்டும்.

அதுவரை, சேர்ந்து வாழும் ஒவ்வொருவரும் தயவுசெய்து உயில் எழுதி வையுங்கள். முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். பதிவு கட்டாயமில்லை, ஆனால் செய்துவிட்டால் பின்னால் வழக்கு வந்தாலும் கை கொடுக்கும். நீங்கள் கையெழுத்திடுவதைப் பார்த்த இரண்டு சாட்சிகளும் அதில் கையெழுத்திட வேண்டும். சொத்து கிடைக்கப்போகிறவரைச் சாட்சியாகப் போடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்