கரீமை மறந்துவிட்ட சீசன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓடிடி தொடர்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில் 'தி ஃபேமிலி மேன்' என்ற இந்தி உளவுத் தொடரின் முதல் சீசனுக்கு நூற்றுக்கு நூறு போடாத குறையாகப் பாராட்டியிருந்தார் கட்டுரையாளர். எனக்கு அவ்வளவு தாராளம் வரவில்லை. அதற்காகத் தொடர் சுமார் என்றும் சொல்ல மாட்டேன், பத்து எபிசோடையும் விடாமல் பார்த்தவன் நான். 2019 செப்டம்பரில் வந்த தொடர்தானே என்று முடிவு வரை பேசப்போகிறேன். இன்னும் பார்க்காதவர்கள் அடுத்த கடிதத்துக்குப் போய்விடுங்கள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். உளவாளி என்றால் கோட்டு சூட்டு, கறுப்புக் கண்ணாடி, வெளிநாட்டுக் கார் என்றே நம்மைப் பழக்கி வைத்திருந்தார்கள். ஸ்ரீகாந்த் திவாரிக்கு அதெல்லாம் கிடையாது. தேசியப் புலனாய்வு முகமையின் கீழ் 'டாஸ்க்' என்று கற்பனையாக ஒரு பிரிவை உண்டாக்கி அவனை அதில் உட்கார வைத்திருக்கிறார்கள். நெருக்கடி அதிகம், சம்பளம் குறைவு. வீட்டில் ஏதோ ஃபைல் தள்ளுகிற அரசாங்க உத்தியோகம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஸ்ரீகாந்தாக நடிக்கும் மனோஜ் பாஜ்பாய் பொய் சொல்லும் அழகே தனி. போனில் மனைவிக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருப்பார், கண் மட்டும் தெருவில் யாரையோ தேடும். கூடவே வரும் ஜேகே பாத்திரத்தில் ஷாரிப் ஹாஷ்மி. அந்த இரண்டு பேரும் வண்டிக்குள் உட்கார்ந்து வம்பளப்பதைக் கேட்கவே இன்னொரு தடவை பார்க்கலாம்.

இன்னொன்று, மொழி. எடுத்தவர்கள் ராஜ், டிகே என்ற இரட்டையர். ஒருவர் திருப்பதி, இன்னொருவர் சித்தூர். சித்தூர் ஜில்லா நமக்கு ஒன்றும் தூரமில்லை, கிருஷ்ணகிரியைத் தாண்டினால் குப்பம் வந்துவிடும். தெற்கத்தி ஆட்கள் எடுத்ததாலோ என்னவோ, பயங்கரவாத வழக்கில் பிடிபட்ட மூசா மலையாளம் பேசுகிறான், ஸ்ரீகாந்த் வீட்டில் தமிழ் காதில் விழுகிறது. இந்திக்காரர்கள் எடுக்கும் கதையில் தமிழ் பேசுகிறவர் என்றாலே நெற்றியில் பட்டை போட்டு, 'ஐயோ' என்று கத்தவிட்டுச் சிரிக்க வைப்பார்கள். இங்கே அது இல்லை. மூசாவாக வந்த நீரஜ் மாதவ் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அப்பாவி போலப் படுத்திருக்கிறாரே, அந்த முகத்தை வைத்து நம்மை நன்றாக ஏமாற்றிவிட்டார்கள். தப்பிக்கிற அன்றுதான் ஆள் யாரென்று தெரிகிறது. ஆஸ்பத்திரித் தாக்குதலை நடுவில் வெட்டே தெரியாமல் ஒரே மூச்சில் எடுத்திருப்பதும் பெரிய விஷயம்தான். கேமரா தாழ்வாரத்தில் ஓடி, படியேறி, மறுபடி கீழே இறங்கும்வரை எங்கள் வீட்டில் யாரும் பேசவில்லை.

குறைகளுக்கு வருகிறேன். சுசித்ராவாக வரும் பிரியாமணி தேசிய விருது வாங்கிய நடிகை. கல்லூரி வேலையை விட்டுவிட்டுப் புதுக் கம்பெனிக்குப் போகும் பெண், குடும்பத்துக்குள் அவளுக்கு இருக்கும் அலுப்பு என்று நன்றாகத்தான் ஆரம்பித்தார்கள். அப்புறம் லோனாவாலாவில் ஒரு ராத்திரியைக் காட்டிவிட்டு, அங்கே என்னதான் நடந்தது என்று சொல்லாமலே விட்டுவிட்டார்கள். என் மனைவிக்கு டெல்லியில் விஷவாயு கசிந்தாலும் கவலையில்லை. "ஏங்க, அந்த லோனாவாலா என்னாச்சு?" என்று ரெண்டு வாரம் கேட்டுக்கொண்டிருந்தாள். பெண்ணின் மனதைச் சொல்ல வந்த கதை, கடைசியில் அவள் தப்பு செய்தாளா இல்லையா என்கிற புதிராகச் சுருங்கிப்போனது எனக்குப் பிடிக்கவில்லை.

பாகிஸ்தான் மேஜர் சமீர் நூறு படத்தில் பார்த்த வில்லன். காஷ்மீர் எபிசோடுகளில் கதை இழுக்கிறது. முடிவு என்று ஒன்று கிடையவே கிடையாது. டெல்லி ரசாயன ஆலைக்குள் வாயு கசியத் தொடங்குகிறது, உள்ளே இரண்டு அதிகாரிகள் மாட்டிக்கொள்கிறார்கள், அதோடு திரை இருட்டாகிவிடுகிறது. போபால் 1984 ஞாபகம் இருக்கிற தலைமுறைக்கு அந்த இடம் வயிற்றைக் கலக்கும். மீதியைத் தெரிந்துகொள்ள 2021 ஜூன் வரை காக்க வைத்தார்கள். கிட்டத்தட்ட 20 மாதம்!

ஆனால் இதற்காக மட்டும் நான் பேனா எடுக்கவில்லை. கட்டுரையில் கரீம் என்ற பெயரே வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

கரீம் ஒரு கல்லூரி மாணவன். மாட்டிறைச்சி விவகாரத்தில் கோபப்பட்டு, அந்த இறைச்சியையே வைத்து ஒரு எதிர்ப்பைக் காட்டத் திட்டம் போடுகிறான். அவனுடைய பேச்சையும் நடமாட்டத்தையும் கவனித்த நம் கதாநாயகனின் ஆட்கள், ஏதோ பயங்கரவாதச் சதி என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பையன் துப்பாக்கிச் சூட்டில் செத்துப்போகிறான். அப்புறம்தான் உண்மை தெரிகிறது. தெரிந்தும் துறை வாய் திறப்பதில்லை. ஒரு இந்திய உளவுத் தொடர் தன் கதாநாயகன் கையிலேயே இப்படி ஒரு ரத்தக் கறையை வைத்தது துணிச்சலான காரியம். முதல் சீசனில் ஆகச் சிறந்த இடம் எது என்று கேட்டால் ஆஸ்பத்திரிச் சண்டையைச் சொல்ல மாட்டேன், இதைத்தான் சொல்வேன்.

அந்தத் துணிச்சல் நீடித்ததா என்றால், இல்லை. ஸ்ரீகாந்தின் முகம் கொஞ்ச நேரம் வாடுகிறது. குற்ற உணர்ச்சியில் நாலு வசனம் பேசுகிறான். அடுத்து மூசா, அடுத்து காஷ்மீர், அடுத்து டெல்லி என்று கதை கிளம்பிவிடுகிறது. செத்தவன் அதிகாரியின் மனச்சோர்வுக்கு ஒரு காரணமாக மட்டும் மிஞ்சுகிறான்.

எங்கள் மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு இதைச் சும்மா பார்க்க முடியாது. உளவு வேலை எப்படி நடக்கும் என்பது இங்கே கொஞ்சம் தெரிந்த விஷயம். 2004 அக்டோபர் 18 ராத்திரி, பாப்பாரப்பட்டி பக்கம் பாடி கிராமத்தருகே வீரப்பன் ஏறி வந்த ஆம்புலன்ஸே அதிரடிப்படை ஏற்பாடு செய்த வண்டிதான். கண் வைத்தியத்துக்கு என்று நம்பி ஏறியிருந்தார். கூடப் பழகி, நம்பிக்கை சம்பாதித்து, மாதக்கணக்கில் காத்திருந்து முடித்த வேலை அது. மறுநாள் தருமபுரி அரசு மருத்துவமனை வாசலில் கூடிய கூட்டத்தில் நானும் நின்றிருந்தேன். அன்றைக்குச் சுட்டது எப்படி, வேறு வழி இல்லையா என்று கேட்டவர்களும் உண்டு. அதே மாவட்டத்தில், அரூர் தாலுகாவில்தான் வாச்சாத்தியும் இருக்கிறது. சந்தன மரத்தைத் தேடுகிறோம் என்று 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் ஊருக்குள் நுழைந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். அப்படி எதுவுமே நடக்கவில்லை என்றுதான் முதலில் சாதித்தார்கள். உயர் நீதிமன்றம் சொல்லி சிபிஐ விசாரித்து, 269 பேர் மீது வழக்கு வந்து, 2011 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பு வந்தபோது அதில் 54 பேர் உயிரோடு இல்லை. மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்றது தருமபுரி கோர்ட். மேல்முறையீடு முடிய 2023 செப்டம்பர் ஆகிவிட்டது. அந்த ஊர்ப் பெண்கள் வாய்தாவுக்கு வாய்தா பஸ் பிடித்து வந்து சாட்சி சொன்னதை அரூர்க்காரர்கள் கண்ணால் பார்த்திருக்கிறோம்.

வாச்சாத்தியும் கரீம் கதையும் ஒன்றல்ல, தெரியும். தொடரில் நடப்பது தவறான கணிப்பு, இங்கே நடந்தது வேறு. ஆனால் இரண்டிலும் காக்கி தன் பிழையை மூடப் பார்க்கிறது. மூடியதைத் திறக்க எத்தனை பேர், எத்தனை வருஷம் அலைய வேண்டியிருக்கும் என்பதில்தான் உண்மையான விறுவிறுப்பு இருக்கிறது. ராஜும் டிகேயும் அந்தக் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போகாமல் திரும்பிவிட்டார்கள். கரீம் சார்பில் யார் புகார் கொடுத்தார்கள், அந்தக் கேஸ் எங்கே நின்றது, யாருக்காவது தண்டனை உண்டா? காஷ்மீரில் ஒரு எபிசோடைக் குறைத்துக்கொண்டு இதற்குக் கொடுத்திருக்கலாம். ஸ்ரீகாந்த் மேல் நமக்கு இருக்கும் பிரியம் குறைந்துவிடுமோ என்று பயந்தார்களோ என்னவோ.

உங்கள் கட்டுரையாளர் இரண்டாம் சீசனைப் பற்றி எழுதினால், தமிழர்களைக் காட்டிய விதம் குறித்து இங்கே எழுந்த எதிர்ப்போடு நிறுத்திக்கொள்ளாமல், கரீம் விஷயத்துக்கு அதில் என்ன பதில் வைத்தார்கள் என்பதையும் இரண்டு பத்தி எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அரூர், தருமபுரி மாவட்டம்.